மூன்றாவது சன்னலுக்கு நடந்த விசாரணை

எங்கள் பழைய தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு மனிதவளத் துறை என்று போர்டு மாட்டியிருக்கிறார்களாம். அந்தத் துறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் ஒரு கையெழுத்துக்காக என்னைத் தேடிக் கவரைப்பேட்டைக்கு வந்திருந்தாள். வாங்கிய கையோடு கிளம்பிவிடாமல் உட்கார்ந்து பேசினாள்.

"ஆன்ட்டி, உங்க காலத்துல ஒருத்தர வேலைய விட்டு எடுக்கணும்னா நாள் கணக்குல விசாரணை நடத்துவீங்களாமே, நெஜமா? இப்பல்லாம் ஒரு மெயில் அனுப்பிச்சா முடிஞ்சுது."

"ஒரு கொக்கு யாரக் குறிக்குதுன்னு கண்டுபிடிக்க அரை நாள் விசாரிச்சிருக்கோம்மா" என்றேன்.

வாய்க்குக் கொண்டுபோன காபியை அவள் கீழே வைத்துவிட்டாள். அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். எதற்காக மாற்றினேன் என்பது படித்தால் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், பொன்னேரியில் தட்டச்சும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. அதில் ஓர் இரும்பு வார்ப்பட ஆலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் எல்லாரும் என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். இரண்டாவது வாரம் நான் போட்ட சத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கஷ்டமில்லை.

என் மேலதிகாரி ராகவாச்சாரி சார், பர்சனல் ஆபீசர். திருவள்ளூர்க்காரர். அங்கே பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கோயிலோடு இருந்துவிட, இவர் மட்டும் சட்டம் படித்து இரும்புப் புகைக்குள் வந்து சேர்ந்தவர். அமாவாசை அன்று மட்டும் அவரைப் பார்க்க முடியாது. அன்று கோயிலில் கூட்டம் அலைமோதும், வீட்டாருக்கு ஆள் போதாது என்று போய்விடுவார். மற்ற நாட்களில் நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்க, காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

உள்விசாரணையை அவர் நடத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்டோர்ஸுக்குப் பக்கத்து அறையில்தான் விசாரணை. முதலில் நாற்காலிகளை அவரே பார்ப்பார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் கைப்பிடி வைத்த நாற்காலிதான் போட வேண்டும். பிறகு அவனுக்கு டீ. அதைக் குடித்து முடிக்கும் வரை வானிலை, வீடு, ரயில் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார். "காஞ்ச வாயோட எவனும் ஒழுங்கா பேச மாட்டான் கோமளா" என்பார். பிறகு குற்றச்சாட்டைப் படித்து, அது அவனுக்குப் புரிந்ததா என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்வார். நிர்வாகத் தரப்பு முதலில் பேசும். அவனுக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி உட்காரலாம். கடைசியில் நான் எழுதியதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆள் எப்படிப் பேசுகிறானோ அப்படியே இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில், ஒருவன் "இன்னா சார் பேஜாராக்கீது" என்று சொன்னதை நான் "மிகவும் வருத்தமாக இருக்கிறது" என்று அழகாக எழுதி வைத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவன் யாரு? இந்த மனுஷன் நம்ம ஆலையில வேலை செய்யறதில்லையே" என்றார். தமிழ்ச் சுருக்கெழுத்தில் 'இருக்கிறது' என்பதற்குக் குறி உண்டு, 'கீது' என்பதற்குக் கிடையாது. நானே ஒன்று கண்டுபிடித்துக்கொண்டேன்.

இப்படி எத்தனையோ விசாரணைகள். தூங்கியவன், திருடியவன், ஃபோர்மேனைத் திட்டியவன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. பேய்க்கதை எழுதினான் என்று ஒருவனை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் தொழிலாளர்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அந்த நாளில் பல ஆலைகளில் இருந்த பழக்கம்தான். ஒரே ஒரு பிரதி. கையாலேயே எழுதி, கலர் பென்சிலில் படம் போட்டு, கேன்டீன் தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. அதனால் சாப்பாட்டு நேரத்தில் நாகையா உரக்கப் படிப்பார். அவர் ஆரம்பாக்கத்துக்காரர், மணல் அச்சு எடுக்கும் மோல்டர்களில் மூத்தவர். தெலுங்கு வாடையோடு அவர் படிக்கிற அழகுக்கு, சமையல்காரர் சாம்பாரை விட்டுவிட்டு வந்து நிற்பார். நானும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பேன்.

அதில் எல்லப்பன் எழுதிய கதைதான் 'மூன்றாவது சன்னல்'.

எல்லப்பன் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துப் பையன். மீன்பிடிக் குடும்பம். வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருபது தடவை கூப்பிட்டால் ஒரு தடவை வாயைத் திறக்கிற ரகம். அவனா இப்படி எழுதினான் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். அவன் ஊர்ப்பக்கம் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் இருக்கின்றன. வாசல் தூணிலேயே எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன பிள்ளை வேறு எதை எழுதும் என்று நாகையா தீர்ப்புச் சொன்னார்.

கதை இதுதான். ஏரிக்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பாழடைந்த பங்களா ஒன்று. உப்புக்காற்று சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. கூடத்தில் நின்றுபோன கடிகாரம். மாடியில் வரிசையாகச் சன்னல்கள், அதில் மூன்றாவது மட்டும் திறப்பதே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு கிழவன் கையில் லாந்தரோடு ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறுவான். விளக்கைப் பார்த்து ஒரு கொக்கு பறந்து வந்து, மூடிய சன்னலில் மோதி விழுந்து சாகும். உள்ளே இருப்பது பெண் பேய் என்று ஊர் பயப்படும். வெளியூர்க்காரன் ஒருவன் துணிந்து சாவியைத் திருடி அறையைத் திறக்கிறான். உள்ளே தூசி தும்பு இல்லை. பெருக்கிக் கோலம் போட்ட தரை. சன்னலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் காலடிகள். சீப்பில் சிக்கிய தலைமுடியும் ஈரம். ஆனால் ஆள் இல்லை. அவன் அலறப் போகும்போது பின்னால் வந்து நிற்கும் கிழவன், வாயில் விரலை வைத்துச் சொல்கிறான்: "சத்தம் போடாதே. இப்போதுதான் தூங்கினாள்." அவ்வளவுதான் கதை.

நாகையா படித்து முடித்தபோது கேன்டீனில் தட்டுச் சத்தம்கூட இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. பயத்தோடு கூடவே அழுகையும் வந்தது. எதற்கு அழுகை என்று அப்போது புரியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல கதை என்று போயிருக்கும். எங்கள் ஆட்கள் விடுகிறவர்களா? மறுநாளே அர்த்தம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நின்றுபோன கடிகாரம், வருகை பதிகிற டைம் ஆபீஸ் கடிகாரம். உப்பு தின்ற சுவர், போன மழையில் சாய்ந்த எங்கள் காம்பவுண்டு. மோதிச் சாகிற கொக்கு, ஆட்குறைப்பில் வீட்டுக்குப் போனவர்கள். ஈரக் காலடி சம்பள உயர்வாம். தடம் இருக்கிறது, ஆளைக் காணோம்! சிரிப்பென்றால் சிரிப்பு, நானும்தான் சிரித்தேன். கடைசியில் ஒருவன், காலை இழுத்து நடக்கிற கிழவன் யார் என்று கேட்டான். எல்லாரும் ஜி.எம். அறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். சிறு வயதில் அங்கே ஒரு பட்டறையில் வார்ப்பட வேலை செய்தபோது, உருகிய இரும்பு பாதத்தில் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடப்பார். ஆலைக்குப் பின்னால் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸில் ஒரு சன்னல் எப்போதும் மூடியே இருக்கும். மேற்கு வெயில் அடிக்கிறது என்று அவர் மனைவி சாத்தி வைத்தது. ஆனால் சன்னலும் காலும் பொருந்திப் போனபின் வெயிலை யார் யோசிப்பார்கள்? அவர் ஷெட்டுக்குள் வந்தால் முதுகுக்குப் பின்னால் "மூணாவது சன்னல் வருதுடோய்" என்று குரல் வரும். இரண்டொருவர் காலை இழுத்து நடந்தும் காட்டினார்கள். வார்ப்பட ஆலையில் வேலை செய்கிறவன் அந்தக் காலைப் பழித்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். முகம் சிறுத்துப்போனது. டைம் ஆபீஸ் மேலாளர் பரந்தாமன் ஓடிப்போய் முழு விவரத்தையும் காதில் போட்டார். மாலைக்குள் எல்லப்பனுக்கு சஸ்பென்ஷன். மேலதிகாரியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு கதை எழுதி ஆலையின் ஒழுங்கைக் குலைத்தான் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும். அவன் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. அப்பாவால் கடலுக்குப் போக முடியாது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.

விசாரணை அன்று எல்லப்பன் துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் துணைக்கு நாகையா. எதிரே நிர்வாகத்தின் சார்பில் பரந்தாமன். நடுவில் மேசையின் மேல் அந்தப் பத்திரிகை, கயிறோடு. டீ முடிந்தது. பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கதையில ஒரு கொக்கு வருது. அது யாரைக் குறிக்குது?"

"கொக்கு கொக்கத்தான் சார் குறிக்குது."

"வெறும் கொக்கு எதுக்குச் சன்னல்ல வந்து மோதுது?"

"எங்க ஊரு பக்கம் மோதும் சார். வெளிச்சத்த பாத்து வந்துடும்."

"சரி. அந்தக் கடிகாரம் ஏன் நின்னுபோச்சு?"

"சாவி குடுக்கலன்னா நின்னுடும் சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன். பரந்தாமன் விடவில்லை. கடிகாரம் டைம் ஆபீஸைத்தான் குறிக்கிறது, கேன்டீனில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றார்.

"அப்போ அந்தக் கடிகாரம் நீங்கதான்னு சொல்றேளா, மிஸ்டர் பரந்தாமன்?" ராகவாச்சாரி சார் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "சொல்லுங்கோ, எழுதிக்கறோம்."

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"கோமளா, 'நான் அப்படிச் சொல்லலையே சார்', எழுதியாச்சா?"

இப்படியே கொக்கும் சுவரும் காலடியுமாக அரை நாள் போனது. சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் பரந்தாமன் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார்.

"மூணாவது சன்னலுக்கு உள்ள இருக்கிறது யாரு? காலை இழுத்துக்கிட்டு மாடி ஏர்றது யாரு? இது ரெண்டுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்."

எல்லப்பன் வாயைத் திறக்கவில்லை.

"கற்பனைன்னு சொல்லு நைனா" என்று நாகையா அவன் தொடையைத் தட்டினார்.

"கற்பன இல்ல" என்றான் எல்லப்பன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பரந்தாமன் முகம் மலர்ந்துவிட்டது. பதில் சொல்ல மறுத்தால் அதையும் எழுத வேண்டியிருக்கும், மெட்ராஸ் ஹெட் ஆபீஸில் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று ராகவாச்சாரி சார் பொறுமையாக விளக்கினார். "சாப்ட்டுட்டு வா. யோசிச்சுப் பாரு" என்று அனுப்பினார்.

டிபன் டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டேன். கோபம். ஸ்டோர்ஸ் பின்பக்கம் வேப்பமரத்தடியில் அவன் தனியாக நிற்பதைப் பார்த்துப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்யா, கல்லு மாதிரி உட்காந்திருக்க? சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? வேலை போனா வீட்ல சோத்துக்கு என்ன பண்ணுவ?"

அவன் மரப்பட்டையைச் சுரண்டினான். பிறகு சொன்னான்.

"எங்க அக்கா மா. அது ஊட்டுக்காரு முகத்துவாரத்துல போனவரு, திரும்பி வர்ல. ஒடம்பும் கெடைக்கல. அன்னில இருந்து சன்னல்லயே குந்திக்கினு ஏரிய பாத்துனு இருந்துச்சி. பேய் புட்ச்சினுகீதுன்னு ஊர்ல பூசாரிய இட்டாந்து, உடுக்க அட்ச்சி, வேப்பிலையால அட்ச்சாங்கோ. அன்னிக்கி சன்னல சாத்திச்சி. அப்பால தொறக்கவே இல்ல. ரூம உட்டு வெளியவும் வர்ல. நெல்லூர்ல சொந்தக்காரங்க ஊட்ல கீதுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீது."

"அந்தக் கிழவன்?"

"எங்கப்பா. திருக்க மீனு முள்ளு குத்தி காலு போச்சி. பொழுது சாஞ்சா வெளக்கு எடுத்துக்கினு அக்கா ரூமுக்குப் போவாரு. 'நான் வந்துட்டேன் பாரு'ன்னு சொல்லி காட்டிட்டு வருவாரு."

கேன்டீனில் எதற்காக அழுகை வந்தது என்று அப்போது விளங்கியது.

"இத ஏன்யா பேய்க்கதையா எழுதின?"

"நெசமா எழுதினா ஊரு சிரிக்கும் மா. இல்ல, பாவம்னு சொல்லும். பேயின்னு எழுதினா பயந்துக்கினு தள்ளி நிக்கும். அக்காவ யாரும் தொட மாட்டாங்கோ."

பேய் பங்களாக் கதைகளில் என்ன இருக்கிறது என்று பிற்பாடு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வேப்பமரத்தடியில் கேட்டதற்கு மேல் ஒன்றும் கேட்டதாக நினைவில்லை.

ராகவாச்சாரி சாரிடம் மட்டும் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று அவன் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டான். எங்கள் ஷெட்டிலேயே அவன் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். விசாரணையில் எழுதியது நாலு பேர் வாய்க்கு வரும், குப்பத்துக்குப் போகும், மறுபடி உடுக்கை வரும். "வேல போனா மீனு பொறுக்கியாவது சோறு போடுவேன் மா. அது மறுபடி அடி வாங்கக் கூடாது" என்றான். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராத வித்தை. அன்று எப்படியோ மூடிக்கொண்டேன்.

மத்தியானமும் அவன் அசையவில்லை. பரந்தாமன் கேட்கிறார், இவன் தரையைப் பார்க்கிறான். "தொழிலாளி பதில் சொல்லவில்லை" என்று இரண்டு முறை எழுதினேன். மூன்றாம் முறை எழுதப் போகையில் ராகவாச்சாரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் நிதானமாகக் கண்ணாடி துடைத்தால் எதையோ முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

"மிஸ்டர் பரந்தாமன், எங்காத்துல ஒரே பாசுரத்துக்கு எங்கப்பா ஒரு அர்த்தம் சொல்வார், பெரியப்பா வேற அர்த்தம் சொல்வார். இலையில சாதம் ஆறிப்போயிடும், சண்டை ஓயாது. ஆனா பாடினவரைக் கூப்ட்டு விசாரிக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஒருநாளும் தோணினதில்லை. கொக்குக்கு அர்த்தம் சொன்னது நீங்க. கடிகாரத்துக்குச் சொன்னது கேன்டீன். எழுதினவன் இதுவரைக்கும் ஒண்ணுக்கும் அர்த்தம் சொல்லலை. அதனால நிரூபிக்கற பொறுப்பு உங்களோடது."

"எப்படி சார் நிரூபிக்கிறது?"

"அந்தக் கிழவன் ஜி.எம்.தான்னு குற்றச்சாட்டு. அப்போ ஜி.எம். வந்து உட்கார்ந்து, 'அது நான்தான்'னு சொல்லணும். வேற சாட்சி கிடையாது. நாளைக்குக் காலையில."

பரந்தாமனுக்கு வேர்த்துவிட்டது. மாடி ஏறுகிற பேய்க்கிழவன் நான்தான் என்று எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்? அதை அவரிடம் போய் யார் சொல்வது? ராகவாச்சாரி சாரே போனார்.

ஜி.எம். மறுநாள் காலை வந்தார். கைப்பிடி வைத்த அதே நாற்காலி, அதே டீ. எல்லப்பனை அவர் பார்க்கவில்லை. கதையைப் படித்தீர்களா என்று ராகவாச்சாரி சார் கேட்டார்.

"இல்லீங்க. பரந்தாமன் சொன்னதுதானுங்க."

"அப்போ முழுசா ஒரு தடவை கேட்டுடுங்கோ. கோமளா, படி."

நாகையா மாதிரி எனக்குப் படிக்க வராது. ஆனால் அன்று ஒவ்வொரு வரியும் என்னவென்று எனக்குத் தெரியும். லாந்தரோடு கிழவன் படியேறும் இடத்தை நிதானமாகப் படித்தேன். ஜி.எம். முதலில் கையைக் கட்டிக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். கொக்கு மோதி விழுந்தபோது கட்டியிருந்த கை விலகியது. பெருக்கிக் கோலம் போட்ட தரை என்று வந்ததும் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இப்போதுதான் தூங்கினாள்" என்று முடித்துப் பத்திரிகையை மூடினேன். டீ ஆறிப்போயிருந்தது. அவர் தொடவே இல்லை.

ராகவாச்சாரி சார் தன் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவரே எல்லப்பன் பக்கம் திரும்பிவிட்டார். அதிகாரி தொழிலாளியிடம் கேட்கிற மாதிரி இல்லை. கதை கேட்டவன் கதை சொன்னவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அந்தப் புள்ள அப்பறம் வெளிய வந்துச்சுங்களா?"

எல்லப்பன் நிமிர்ந்தான். பரந்தாமன் அத்தனை நேரம் கேட்டு வராத பதில், யோசிக்காமல் வந்துவிட்டது.

"இன்னும் வர்ல சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நாகையா அவன் முதுகில் கையை வைத்தார். ராகவாச்சாரி சார் என் பக்கம் பார்க்காமலே, "கோமளா, பேனாவைக் கீழ வை" என்றார். நான் ஏற்கெனவே வைத்திருந்தேன்.

"கூட யாருப்பா இருக்காங்க?" ஜி.எம். மெதுவாகக் கேட்டார்.

"அம்மா கீது சார். அப்பா கீறாரு. அவருதான் சார் வெளக்கு எடுத்துனு போறாரு. உங்கள இல்ல சார். சத்தியமா உங்கள இல்ல. அவங்க கால இஸ்து நடந்து காட்னதுக்கு நான் சம்பந்தமே இல்ல சார்."

ஜி.எம். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ராகவாச்சாரி சாரிடம், "எழுதிக்குங்க. அந்தக் கதைல வர்ற ஆள் நான் இல்லீங்க" என்றார். பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினேன். உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அத்தோடு குற்றச்சாட்டு விழுந்தது.

எனக்கு அப்போதும் பயம் போகவில்லை. பரந்தாமனுக்குத் தெரிந்துவிட்டதே! அவர் வாயிலிருந்து என்ன கிளம்புமோ என்று வாரக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீனில் யாரோ மறுபடி கொக்குக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தபோது, "கொக்குன்னா கொக்குதான்யா, போய் வேலையப் பாரு" என்று அவரே அதட்டினதைக் கேட்டேன். அந்த மனிதரை அதுவரை நான் ஆபீஸில் கேலி பேசிப் படுத்திய பாட்டுக்கு வெட்கமாக இருந்தது. காலை இழுத்து நடந்து காட்டிய இருவரையும் நாகையா தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, ஷெட்டில் அந்த நடை நின்றுபோனது.

எல்லப்பன் வேலையில் தொடர்ந்தான். பத்திரிகையில் வேறு கதைகள் எழுதினான். மூன்றாவது சன்னலைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜி.எம். மட்டும் ஷெட்டில் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்ப்பார். அவன் தலையை இல்லை என்று அசைப்பான். அவர் நடந்துவிடுவார். பார்க்கிறவர்கள் ஏதோ வார்ப்பட விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று பொங்கல் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, சட்டையெல்லாம் வேர்வையாக எல்லப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். ரயிலடியிலிருந்து ஓடியே வந்திருக்கிறான்.

"யம்மா, சார் உள்ள கீறாரா?"

"யாரு, ராகவாச்சாரி சாரா? இன்னிக்கு அமாவாசை, வர மாட்டார்."

"அவரு இல்ல மா. பெரிய சாரு."

முகத்தைப் பார்த்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜி.எம். அறைக் கதவை நானே திறந்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றுகொண்டேன். ஜி.எம். ஏதோ வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வழக்கம்போல அவன் தலையை இல்லையென்று அசைப்பான் என்று காத்திருந்தாற்போல இருந்தது.

"நேத்து வந்துட்ச்சி சார்" என்றான் எல்லப்பன்.

ஜி.எம். வரைபடத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "எப்படிப்பா?"

"வெளிய வல காயப் போட்டு இருந்தோம் சார். பக்கத்தூட்டு ஆடு அதுல மாட்டிக்கினு, உதறிக்கினு, டர்டர்னு கிழிக்குது. நாங்க யாரும் பாக்கல. அக்கா பாத்துட்டு, 'ஏ ஆடு, ஏ ஆடு'ன்னு கத்திக்கினு ஓடியாந்துச்சி சார். சன்னல எப்பத்துல இருந்து தொறந்து வெச்சினு இருந்துச்சோ, எங்க யாருக்குமே தெரியாது. ஆட்ட வெரட்டிட்டு அங்கியே மண்ணுல குந்திக்கினு, கிழிஞ்ச எடத்த கையில எடுத்து பாத்துக்கினு இருந்துச்சி. உள்ள போகல."

அவன் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நானும் புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். ஜி.எம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்தார்.

"வலை ரொம்பக் கிழிஞ்சு போச்சுங்களா?"

"மொத்தமும் பாழ் சார்" என்றான் எல்லப்பன், முகமெல்லாம் பல்லாக.